நீலாவின் கால் எந்தப் பக்கம்?

புது ஆசிரியர்களே, உங்களில் இரண்டு பேர் வேலையில் சேர்ந்த முதல் வாரமே பிரம்பு வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒருவர் பிடிக்கிற இடத்தில் சிவப்பு நூல் வேறு சுற்றி வைத்திருக்கிறாராம். யாரென்று கேட்கமாட்டேன். நானும் வைத்திருந்தவள்தான். இங்கே பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் கணக்கு சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க என் மேசை இழுப்பறையில் ஒரு பிரம்பு கிடந்தது. பெரும்பாலும் ஜன்னல் கொக்கியைத் தள்ளிவிடத்தான் உதவியது.

ஆனால் நான் பிரம்பைப் பற்றிச் சொல்ல வரவில்லை. கூட்டம் போடுவதைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, ஒருவர்மேலும் கை வைக்காமலே ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைக்க நம்மால் முடியும். அப்படி முடித்துவைக்கப் பார்த்த ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெரிய பாவமெல்லாம் நடந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உபயோகப்படும்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பர்மாப் பெயர், மா நீலார். நான் வீட்டில் ராஜம்மா, பள்ளியில் டோ மியா என்பதுபோல. பிள்ளைகளுக்கு நான் சயாமா, அதாவது டீச்சர். அவள் அம்மா ரயில் நிலையத்துப் பக்கம் வடை சுட்டு விற்பவர். நீலாவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்துக் கட்டியிருப்பாள். கட்டினால் நடக்கலாம். ஆனால் முழங்கால் மடங்காது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் நடைவழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். பாடம் நடத்திக்கொண்டே நடக்கிற பழக்கமுள்ள நான் பலமுறை தடுக்கி விழப் பார்த்திருக்கிறேன். "சயாமா, ரயில்வே கேட் போட்டிருக்கு, பாத்து வாங்க" என்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போவேன்.

எங்கள் பள்ளியில் ஒழுங்குக் குழு என்று ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியை, உடற்பயிற்சி ஆசிரியர் ஊ துன், நான். மூன்று எச்சரிக்கை வாங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவது வழக்கம். வாய்த்துடுக்கு, சண்டை, சுவரேறிக் குதித்து சினிமாவுக்குப் போவது, இப்படிப்பட்டதற்குத்தான் அந்த எச்சரிக்கை. நீலாவுக்கு அந்த வருஷம் இரண்டு சேர்ந்துவிட்டது. இரண்டுமே மரியாதைக் குறைவுக்காக.

முதலாவது, புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் கொடுத்தது. வாத்தியாருக்கு முன்னால் கடந்து போகும்போது பிள்ளைகள் உடம்பைத் தாழ்த்திக் குனிந்து போகவேண்டும், உங்களுக்குத் தெரியும். நீலா நேராக நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு, "கொஞ்சமாச்சும் குனிஞ்சு போம்மா, அவங்க மனசு குளிரட்டும்" என்று ஊ துன் அவளுக்கு யோசனை சொன்னார். அவளும் மறுநாள் குனிந்தாள். ஒரு கால் மடங்காமல் குனிந்தால் என்ன ஆகும்? நேராகப் போய் ஊ துன்னின் சாப்பாட்டு அடுக்கின் மேல் விழுந்தாள். மீன் குழம்பு முழுக்கத் தரையில். ஊ துன் நல்ல மனுஷர். அந்தத் துக்கத்திலும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. "நீ நிமிர்ந்தே போம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இரண்டாவது, கடோ விழாவுக்கு வராததற்காக. வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த ஊரில் புத்தரையும் தாய் தகப்பனையும் கும்பிடுகிற வரிசையிலேயே வாத்தியாரையும் வைத்துக் கும்பிடுவார்கள். விளக்குத் திருவிழாவை ஒட்டிப் பள்ளிகளில் ஒருநாள் ஆசிரியர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, நெற்றியில் கைகூப்பி மூன்று முறை விழுந்து வணங்குவார்கள். அதுதான் கடோ. முந்தின வருஷம் அந்த நாளில், "உனக்கு உட்காரக் கஷ்டம், வீட்டிலேயே இரு" என்று அவள் வகுப்பாசிரியை அன்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பழைய வருகைப் பதிவைப் பார்த்து, விழாவுக்கு வராத பிள்ளை என்று எச்சரிக்கை எழுதிவிட்டார். யார்மேலும் குற்றமில்லை, பார்த்தீர்களா? குற்றம் இல்லாமலே பிள்ளைக்கு இரண்டு எச்சரிக்கை.

அந்த வருஷ விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. நடத்துவது சயாஜி. ஓய்வு பெற்ற பெரிய வாத்தியார் அவர். எங்கள் தலைமை ஆசிரியையும் ஊ துன்னும் அவரிடம் படித்தவர்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுக ஒழுக ஒரு கையில் குடை, ஒரு கையில் சாக்குக்கட்டி என்று பாடம் நடத்தியவர் என்பார்கள். எந்த விழாவானாலும் அவர் நடு நாற்காலியில் உட்காராமல் அது விழாவே இல்லை. கை எந்த உயரத்தில் கூப்பவேண்டும், தலை எவ்வளவு தாழவேண்டும் என்று வரிசை வரிசையாகப் பார்த்துத் திருத்துவார்.

நீலா அந்தத் தடவை வந்துவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்தும் விட்டாள். மற்ற பிள்ளைகள் காலை மடித்துப் பின்னால் ஒளித்துக்கொள்ள, இவளுடைய கால் மட்டும் இரும்போடு நேராக முன்னால் நீண்டிருந்தது. பாதம் சரியாகச் சயாஜியின் முகத்துக்கு நேரே. பெரியவர்களைப் பார்த்துக் கால் நீட்டுவதை விடப் பெரிய அவமரியாதை இந்த ஊரில் கிடையாது.  சயாஜி பார்த்தார். எழுந்தார், செருப்பை மாட்டினார், தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானமே கூட்டம். வடைக் கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு நீலாவின் அம்மா ஓடிவந்தார். பேச்செல்லாம் பர்மா பாஷையில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"மூணாவது எச்சரிக்கை" என்றார் சயாஜி. "நான் பழிவாங்கணும்னு சொல்லல. அந்தப் பிள்ளை அதே மாதிரி உட்கார்ந்திருந்தா நாளைக்கு நான் வரமாட்டேன். அவ்வளவுதான்."

நீலாவின் அம்மாவுக்கு அந்த 'மூணாவது' போதுமானதாக இருந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். "சயாமா, பேரை மட்டும் எடுத்துராதீங்க. அடுத்த வருஷம் பத்தாவது. இந்தக் காலோட அவ வடை சுட முடியாது, சுமை தூக்க முடியாது. படிப்பு ஒண்ணுதான் சயாமா அவளுக்கு. நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுலயே வச்சுக்கறேன்."

கதவுக்கு வெளியே நின்றிருந்த நீலா உள்ளே எட்டிப் பார்த்தாள். "எனக்குக் காய்ச்சல் இல்ல சயாமா. போன வருஷமும் இல்ல, வர வேணாம்னு சொன்னாங்க."

"நீ சும்மா இருடி!"

"இல்லாத காய்ச்சலை எப்படிம்மா இருக்குன்னு சொல்றது?"

எனக்கு உள்ளுக்குள் அவளை மெச்சத் தோன்றியது. அதே சமயம், இந்தப் பிள்ளை வாயாலேயே கெட்டுவிடப் போகிறதே என்று பயமாகவும் இருந்தது. ஊ துன் கூரையைப் பார்த்தார். இதுபோன்ற நேரத்தில்தான் பெரும்பாலான பள்ளிகளில் தலைமை ஆசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒரு பேனாவை எடுப்பார், காரியம் முடிந்துவிடும்.

எங்கள் தலைமை ஆசிரியை பேனாவை எடுக்கவில்லை. அதிர்ந்து பேசாதவர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "சரி, எச்சரிக்கை கொடுக்கலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பிள்ளை காலையில என்ன செஞ்சிருக்கணும்? அதைச் செய்யாததுக்குத்தானே தண்டனை? அது என்னன்னு சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

என் பணிக்காலத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் உருப்படியானது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"காலை மடக்கியிருக்கணும்" என்றார் சயாஜி.

"மடங்காது சயாஜி."

"இரும்பைக் கழட்டிட்டு உட்காரலாமே?" என்றேன் நான். பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்கு நினைப்பு.

நீலாவே பதில் சொன்னாள். "கழட்டினா காலு எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியாது சயாமா. திரும்ப மாட்டுறதுக்கு லுங்கியைத் தொடை வரைக்கும் தூக்கணும். ஆம்பளைப் பசங்கெல்லாம் இருப்பாங்க."

இங்கே பெண் பிள்ளைகளின் சீருடையும் லுங்கிதான். என் கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது.

"நாற்காலியில உட்காரலாம்" என்றார் ஊ துன். உடனே அவரே, "ஆனா அப்போ சயாஜிக்குச் சமமா உட்கார்ந்த மாதிரி ஆயிடும்" என்று வாபஸ் வாங்கிக்கொண்டார். நின்றால் தலை இன்னும் உயரே போய்விடும். அதுவும் கூடாது.

"சரி, வேற பக்கம் காலை நீட்டட்டும்" என்றார் சயாஜி.

அப்போது ஆரம்பித்ததுதான் கூத்து. எல்லாரும் எழுந்து விழாக் கூடத்துக்குப் போனோம். ஊ துன் சாக்குக்கட்டியால் தரையில் ஒரு புள்ளி வைத்து, இதுதான் நீலா என்றார். வலது பக்கம் கோடு இழுத்தார். அங்கே புத்தர் மாடம். ஐயையோ என்று தன் நீளக்கைச் சட்டையாலேயே அழித்தார். இடது பக்கம் இழுத்தார். அங்கே தேசியக் கொடி. அதையும் அழித்தார். பின்பக்கம் இழுக்கப் போனவரை, "வாத்தியாருக்கு முதுகைக் காட்டியா கும்பிடுவா?" என்று சயாஜியே தடுத்தார். கணக்கு வாத்தியார் என்ற முறையில் நான் சாக்குக்கட்டியைப் பிடுங்கி மூலைவாட்டில் ஒரு கோடு போட்டேன். எல்லாரும் கோட்டின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தோம். கோடு போய் முட்டிய இடத்தில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது.

"பானை பரவாயில்லை" என்றார் ஊ துன், நிம்மதியாக.

தலைமை ஆசிரியை அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். "கால் எந்தப் பக்கமோ முகமும் அந்தப் பக்கம்தானே. அப்போ அவ யாரைக் கும்பிடுவா?"

ஊ துன் பானையைப் பார்த்தார். சயாஜியும் பார்த்தார். வாசலில் நின்ற நீலாதான் முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சயாஜியின் மீசை கொஞ்சம் துடித்தது, அவ்வளவுதான்.

"அப்போ அந்தப் பிள்ளை செஞ்சிருக்க வேண்டியது எதுன்னு நமக்கே தெரியல" என்றார் தலைமை ஆசிரியை. "நமக்கே தெரியாததைச் செய்யலன்னு அவளை எப்படித் தண்டிக்கிறது? மூணாவது கிடையாது. அந்த முதல் ரெண்டும் இதே மாதிரிதான், அதையும் எடுத்துடறேன்." நீலாவின் அம்மா அழ ஆரம்பித்தார். வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது போலிருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சயாஜி இறங்கி வரவில்லை. "தண்டனை வேண்டாம், சரி. ஆனா நாளைக்கு அந்தக் காலுக்கு முன்னால நான் உட்காரமாட்டேன்" என்றார். அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அறுபது எழுபது வருஷமாக உடம்பில் ஊறிப்போன ஒன்றை ஒரு மத்தியானத்தில் எப்படி உதறுவார்? அவர் வராவிட்டால் யாரால் வரவில்லை என்று பள்ளி முழுக்கப் பேசும். அதைத் தாங்குவது எச்சரிக்கையை விடக் கஷ்டம்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. விழாவில் நிற்க அனுமதி உள்ள ஒரே ஆள் அறிவிப்பாளர். ஓரமாக மைக்கைப் பிடித்து நின்று, 'கடோ' என்று மூன்று முறை சொல்லவேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் எல்லாரும் குனிவார்கள். வருஷா வருஷம் அது ஊ துன்னின் வேலை. மைதானத்தில் சிங்கம்போல் கத்துகிற மனுஷருக்கு மைக்கைக் கண்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். "நீலா அறிவிக்கட்டும்" என்றேன். ஊ துன் மறு பேச்சுப் பேசாமல் அந்த இடத்திலேயே பதவி விலகினார். சயாஜியும் தலையசைத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் கணக்கு வாத்தியார்தானே கணக்கைப் போட்டுக் காட்டினது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நீலா ஜமாய்த்துவிட்டாள். தலையில் மல்லிகை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை. அவள் குரல் தெருவுக்கே கேட்டது. அவள் 'கடோ' என்றதும் கூடம் நிறைய இருந்த தலைகள் ஒரே சமயத்தில் தாழ்ந்தன. சயாஜி நடு நாற்காலியில் உட்கார்ந்து நீளமாகப் புத்திமதி சொன்னார். பிள்ளைகள் சோப்பும் துண்டும் பழமும் கொடுத்தார்கள். எல்லாம் சுபம். ஆசிரியர்கள் எழுந்து, கிடைத்த வாழைப்பழங்களைப் பங்கிட ஆரம்பித்தோம்.

நீலா மைக் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் போய் முதுகில் தட்டினேன். "பிரமாதம்டி! அடுத்த வருஷமும் நீதான்."

"நல்லாத்தான் இருந்துச்சு சயாமா." அவள் முகம் சிரிக்கவில்லை. "எல்லாரும் கும்பிட்டுட்டாங்க. நான் எப்போ கும்பிடறது?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் வந்தது நிற்பதற்கல்ல, கும்பிடுவதற்கு. போன வருஷம் வீட்டில் இருக்கச் சொன்னோம், இந்த வருஷம் மைக்கைக் கொடுத்தோம். இரண்டு வருஷமும் அவளைக் கும்பிட விடவில்லை. நான் கொடுத்தது பெரிய பதவிதான், ஆனால் அது அவள் கேட்டது இல்லை. ஒரு பிள்ளையைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவது ஒன்று, மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளதை அதற்கும் விட்டுவைப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன் நான்.

எங்களுக்குப் பின்னால் தலைமை ஆசிரியை நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்களும் ஒவ்வொருவராக, வாயில் பழத்தோடு, அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். நடு நாற்காலி மட்டும் காலி. சயாஜி படிக்கட்டில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"சயாஜி" என்று தலைமை ஆசிரியை இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார். "இன்னும் ஒரு பிள்ளை கும்பிடல."

சயாஜி திரும்பினார். நீலா அதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்கிவிட்டாள். கால் நேராக நீண்டிருந்தது, நடு நாற்காலியைப் பார்த்து. சயாஜி அந்தக் காலைப் பார்த்தார், பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.  மாட்டிய செருப்பைக் கழட்டினார். வந்து உட்கார்ந்தார்.

யாராவது சொல்லவேண்டுமே! ஊ துன் மைக்குக்குத் தாவினார். அவர் தொண்டையிலிருந்து 'கடோ' என்பதில் பாதிதான் வெளியே வந்தது. நீலா குனிந்தாள். அவள் நெற்றி தரைக்கு எட்டவில்லை, சொந்த முழங்கால் வரைக்கும்தான் போனது. ஒவ்வொரு முறையும் மரத் தரையில் அந்த இரும்பு டொக்கென்று இடித்தது. மூன்றாவது முறை எழுந்தபோது கண்ணெல்லாம் ஈரம். தலைமை ஆசிரியை முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

சயாஜி கண்டிப்பான குரலில் சொன்னார்: "மூணாவது சரியில்ல. கை நெத்திக்கு வரணும், மூக்குக்கு இல்ல. மறுபடி."

நீலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை ஏற்றிக் கூப்பி, மறுபடி குனிந்தாள். சயாஜி ஆசீர்வாதம் சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே ஆசீர்வாதம், ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. பிறகு பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்பினார்.

அடுத்த வருஷம் நீலா பத்தாவது. அறிவிப்பு வேலை பாவம் ஊ துன்னுக்கே திரும்பிவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, தரையில் கோடும் போடவில்லை. ஒத்திகையில் சயாஜி வழக்கம்போல வரிசை வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்தார். முன்வரிசையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் காலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்து, நீலாவின் முன்னால் நின்றார். 

"கை" என்றார்.

அவள் கையை நெற்றிக்கு உயர்த்தினாள். அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.